அழிக்கப்பட்ட வரிசைகளின் மீட்சி: தரவுத்தளங்களில் தவறான நீக்கத்தைத் திருத்தும் முறைகள் வளர்ந்த வரலாறு

தரவுத்தளத்தில் தவறுதலாக நீக்கப்பட்ட தரவை மீட்பது இன்று கணினித் துறையின் வழக்கமான பணிகளுள் ஒன்றாகிவிட்டது. எனினும், தரவுத்தள மீட்புக் கோட்பாடு உருப்பெற்ற காலத்தில் அத்தவறுக்கு அதில் தனி இடம் ஏதும் தரப்படவில்லை. மின்சாரம் தடைப்படுதல், வட்டு பழுதடைதல், நிரல் பாதியில் நின்றுபோதல் ஆகிய மூன்றிலிருந்தும் தரவைக் காப்பதே அக்கோட்பாட்டின் இலக்காக இருந்தது. இயந்திரம் எவ்விதப் பழுதுமின்றி இயங்கி, மனிதர் இட்ட கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றியதாலேயே விளையும் இழப்பு அதன் எல்லைக்கு வெளியே நின்றது. அவ்வாறு வெளியே நின்ற இழப்பு எவ்வழியாக ஆய்வுக்குள் நுழைந்தது என்பதையும், அதை ஈடுசெய்ய இன்று பயன்படும் கருவிகளுள் பெரும்பாலானவை வேறு தேவைகளுக்காகப் படைக்கப்பட்டவை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நாடாவிலிருந்து வட்டுக்கு

தரவு காந்த நாடாக்களில் வைக்கப்பட்டிருந்த 1950களில் நீக்கம் என்பது இன்றைய பொருளில் அழிப்பாக இருக்கவில்லை. நாடாவின் நடுவிலுள்ள ஒரு பதிவை மட்டும் மாற்றி எழுதுவது நடைமுறைக்கு ஒவ்வாததாகையால், பழைய முதன்மை நாடாவையும் அன்றைய மாற்றங்கள் அடங்கிய நாடாவையும் ஒருசேரப் படித்துப் புதிய முதன்மை நாடா ஒன்றை முழுமையாக எழுதுவதே வழக்கமாயிருந்தது. நீக்க வேண்டிய பதிவு புதிய நாடாவில் எழுதப்படாமல் விடப்பட்டதே தவிர, பழைய நாடாவில் அது அப்படியே இருந்தது. தாத்தா, தந்தை, மகன் என்று பெயரிட்டு மூன்று தலைமுறை நாடாக்களைப் பேணிய கணினிக் கூடங்களில், தவறு தெரியவந்தால் முந்தைய தலைமுறையை எடுத்து, மாற்ற நாடாவைத் திருத்தி, அவ்வேலையை மீண்டும் ஓட்டினால் போதுமாயிருந்தது.

ஐபிஎம் நிறுவனம் 1956 செப்டம்பரில் அறிவித்த 305 ராமாக் இயந்திரம் இந்நிலையை மாற்றிய முதற்படி எனலாம். 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கிய அதன் வட்டகம், எந்தப் பதிவையும் நேரடியாக அணுகி, இருந்த இடத்திலேயே மாற்றி எழுதும் வசதியைத் தந்தது. வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் இது பெரும் பேறாக அமைந்தது. ஆனால் இருந்த இடத்திலேயே எழுதுவது என்றால் முன்பிருந்ததன் மேல் எழுதுவது என்பதே பொருளாகையால், நாடாக் காலத்தில் இயல்பாகவே எஞ்சி நின்ற பழைய நிலை இப்போது எஞ்சவில்லை.

இம்மாற்றத்தின் விலையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் ஜிம் கிரே. டேண்டம் கணினி நிறுவனத்தில் பணியாற்றியபோது 1981இல் வெளியிட்ட பரிவர்த்தனைக் கருத்து பற்றிய கட்டுரையில், களிமண் பலகையிலும் தாளிலும் கணக்கெழுதிய காலந்தொட்டுக் கணக்கர்கள் எழுதியதை ஒருபோதும் அழிப்பதில்லை என்பதையும், பிழை நேர்ந்தால் அதை ஈடுசெய்யும் புதிய பதிவொன்றையே சேர்க்கிறார்கள் என்பதையும் அவர் நினைவூட்டி, இருந்த இடத்திலேயே மாற்றி எழுதும் பழக்கத்தை நச்சுக் கனியோ என்று ஐயுற்றார். சேமிப்பிடம் விலைமிக்கதாயிருந்த அக்காலத்தில் அந்த எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பது எளிதாக இருந்திருக்காது. பின்வந்த நாற்பது ஆண்டு வரலாற்றை நோக்குங்கால், கணக்கரின் அவ்விதியைத் தரவுத்தளங்கள் சிறிதுசிறிதாகத் திரும்பக் கற்றுக்கொண்டன என்றே சொல்லத் தோன்றுகிறது.

பதிவேடும் அதன் வரம்பும்

அப்போலோ விண்வெளித் திட்டத்துக்குத் தேவையான எண்ணற்ற உதிரிப்பாகங்களின் பட்டியலை நிர்வகிப்பதற்காக ஐபிஎம் பிற நிறுவனங்களுடன் இணைந்து உருவாக்கிய ஐஎம்எஸ் என்னும் தரவுத்தள அமைப்பு, 1968 ஆகஸ்ட்டில் கலிபோர்னியாவின் டவுனி நகரில் முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. இத்தகைய அமைப்புகள் தரவில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘லாக்’ எனப்படும் பதிவேட்டில் வரிசையாகக் குறித்துவைக்கும் வழக்கத்தை வளர்த்தன. மாற்றத்துக்கு முந்தைய மதிப்பு பதிவேட்டில் இருந்தால் அரைகுறையாக நின்ற வேலையை நீக்கிப் பின்னோக்கிச் செல்லலாம். பிந்தைய மதிப்பு இருந்தால் இழந்த வேலையை மீண்டும் செய்து முன்னோக்கி வரலாம்.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் 1974இல் தொடங்கிய சிஸ்டம் ஆர் திட்டம் வேறொரு வழியையும் சோதித்தது. ரேமண்ட் லோரி 1977இல் விளக்கிய ‘நிழற்பக்க’ முறையில், மாற்றப்படும் பக்கம் வட்டில் புதிய இடத்தில் எழுதப்பட்டு, பழைய பக்கம் ஒரு குறிப்பிட்ட நிலை எட்டப்படும்வரை தொடப்படாமல் வைக்கப்பட்டது. அத்திட்டத்தினரே 1981இல் வெளியிட்ட மதிப்பீட்டில், பெரிய தரவுத்தளங்களுக்கு நிழற்பக்கங்களைவிடப் பதிவேடே ஏற்றது என்று ஒப்புக்கொண்டனர்.

பரிவர்த்தனை என்பது, முழுமையாக நிறைவேற வேண்டிய அல்லது முழுமையாகக் கைவிடப்பட வேண்டிய செயல்களின் தொகுதி. அது நிறைவேறியதாக அமைப்பு ஏற்றுக்கொள்ளும் தருணம் ‘கமிட்’ எனப்படுகிறது. ஜெர்மானிய ஆய்வாளர்களான தியோ ஹெர்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் 1983இல் எழுதிய கட்டுரை, பரிவர்த்தனையின் நான்கு பண்புகளுக்கு ‘ஆசிட்’ என்னும் பெயரைச் சூட்டியதற்காக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்நான்கனுள் இறுதியானது நிலைபேறு; அதாவது, கமிட் ஆனபின் விளைவு எந்தப் பழுதினாலும் மறையக்கூடாது. அவர்கள் வகுத்த பழுதுகள் பரிவர்த்தனையின் பழுது, அமைப்பின் பழுது, சேமிப்பு ஊடகத்தின் பழுது என மூன்று. ஒவ்வொரு பரிவர்த்தனையும் வரையறையின்படியே சரியானது என்று கொள்ளப்பட்டமையால், தவறான ஒன்று நுழைந்துவிட்டால் அதை எதிர்ப் பரிவர்த்தனையொன்றின் மூலமே நீக்க இயலும் என்று அக்கட்டுரை கூறியது.

இக்கூற்றின் உட்பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 500 ரூபாய் வரவை 5,000 என்று எழுதிவிட்டால், தவறான பதிவே கண்முன் இருப்பதால் 4,500 ரூபாயைக் கழிக்கும் எதிர்ப்பதிவை யாராலும் எழுத முடியும். நீக்கத்தின் நிலை அதுவன்று. நீக்கப்பட்ட வரிசையைத் திரும்பச் சேர்க்கும் எதிர்ப் பரிவர்த்தனைக்குத் தேவைப்படுவது அந்த வரிசையின் உள்ளடக்கமே, இல்லாமற்போனதும் அதுவே. கோட்பாடு பரிந்துரைத்த மருந்து, நீக்கம் என்னும் தவறுக்குக் கைக்கு எட்டாமல் போனது. போதாக்குறைக்கு, நிலைபேறு என்னும் பண்பு தவறான நீக்கத்தையும் சரியான நீக்கத்தையும் ஒரே உறுதியுடன் காத்தது.

பதிவேட்டு முறையை அதன் முழு வளர்ச்சிக்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1977இல் வேதிப்பொறியியல் பட்டம் பெற்று, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வகத்தில் பணியாற்றிய சி. மோகன். அவரும் நான்கு உடன் ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ‘ஏரிஸ்’ முறை, அமைப்பு விழுந்து எழும்போது நடந்தவை அனைத்தையும் முதலில் அப்படியே மீண்டும் நிகழ்த்தி, பின்னர் முடிவுறாத பரிவர்த்தனைகளை மட்டும் பின்னோக்கி நீக்குகிறது. அவ்வாறு நீக்கும் செயலையும் ஈட்டுப் பதிவாகப் பதிவேட்டில் சேர்க்கிறது. நீக்கியதையும் எழுதிவைக்கும் அம்முறை கணக்கரின் விதியோடு உறவுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஏரிஸ் பின்னோக்கிச் செல்வது முடிவுறாதவற்றுக்கு மட்டுமே. கமிட் ஆன நீக்கம் அதன் பார்வையில் வரலாற்றின் நியாயமான பகுதி.

வேறு தேவைக்காகக் காக்கப்பட்ட பழைய நிலைகள்

மீட்புக்கான மூலப்பொருள் வந்துசேர்ந்தது பெரும்பாலும் மீட்புக் கோட்பாட்டுக்கு வெளியிலிருந்துதான். எம்ஐடியில் டேவிட் ரீட் 1978இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் நேரும்போது ஒவ்வொரு மாற்றத்தையும் தனிப் பதிப்பாக வைத்துக்கொள்ளும் வழியை முன்வைத்தது. எழுதுபவர் புதிய பதிப்பை உருவாக்கும்போதும் படிப்பவர் தமக்குரிய பழைய பதிப்பைத் தடையின்றிப் படிக்கலாம் என்பதே அதன் பயன். தவறைத் திருத்துவது அதன் நோக்கமன்று.

பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் திட்டம் இன்னும் துணிவான முடிவை எடுத்தது. 1987இல் அவர் விளக்கிய சேமிப்பு முறையில் எந்த வரிசையும் மேலெழுதப்படவில்லை. பழைய பதிப்புகள் அப்படியே இருக்கும். ‘வேக்யூம்’ எனப்பட்ட துப்புரவு நிரல் அவற்றை ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க ஒளிவட்டு போன்ற காப்பகத்துக்கு மாற்றும். பயனர் விரும்பினால் கடந்த எந்தத் தருணத்திலும் தரவு இருந்த நிலையைக் கேட்டுப் பெறலாம். ‘காலப் பயணம்’ என்று பெயர்பெற்ற அவ்வசதி, இடத்தையும் வேகத்தையும் பெரிதும் தின்றமையால், அதன் வழித்தோன்றலான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் 6.2ஆம் பதிப்பில், 1997இல், கைவிடப்பட்டது. மனிதத் தவறுக்கு நேரடியாக விடைகூறக்கூடிய வசதியொன்று கையிலிருந்தும் துறக்கப்பட்டது வருந்தத்தக்கது. அன்றைய வட்டுகளின் விலையை அறிந்தோர் அம்முடிவைக் குறைகூறமாட்டார்கள்.

காலப் பயணம் போனபோதும் அதன் அடித்தளம் எஞ்சியது. இன்றும் அந்த அமைப்பில் ஒவ்வொரு வரிசையும், தன்னை உருவாக்கிய பரிவர்த்தனையின் எண்ணையும் தன்னை நீக்கிய பரிவர்த்தனையின் எண்ணையும் தலைப்பில் தாங்கி நிற்கிறது. நீக்கக் கட்டளை செய்வது இரண்டாவது எண்ணை நிரப்புவது மட்டுமே. வரிசையின் உள்ளடக்கம் வட்டில் அதே இடத்தில், துப்புரவு நிரல் வரும்வரை கிடக்கிறது. இதனாலேயே தவறு தெரிந்த கணத்தில் தானியங்கித் துப்புரவை அந்த அட்டவணையில் நிறுத்திவைப்பதும், கோப்புகளை அப்படியே படியெடுப்பதும் முதற்பணிகளாகின்றன. அதன்பின், நீக்கப்பட்ட வரிசைகளையும் மறைக்காமல் காட்டும் துணைநிரல்கள் கொண்டு அவற்றைப் படித்துவிடலாம். ஆனால் அட்டவணையை முழுமையாகக் காலிசெய்யும் ‘ட்ரங்கேட்’ கட்டளையோ, அட்டவணையையே நீக்கும் ‘ட்ராப்’ கட்டளையோ இடப்பட்டிருந்தால் கமிட்டின்போது கோப்பே விடுவிக்கப்படுவதால் இவ்வழி அடைபட்டுவிடும். 2001இல் 7.1ஆம் பதிப்பு, மாற்றத்தைத் தரவுக் கோப்பில் எழுதும் முன்பே குறித்துவைக்கும் முன்னெழுத்துப் பதிவேட்டையும், 2005 ஜனவரியில் 8.0ஆம் பதிப்பு அப்பதிவேட்டை அடிப்படைக் காப்புப்பிரதியின்மீது ஓட்டி, விரும்பிய தருணத்தில் நிறுத்தும் வசதியையும் கொணர்ந்தன.

மற்றொரு தரவுத்தள அமைப்பான மையெஸ்கியூஎல்லின் கதை இதைவிடப் படிப்பினை மிக்கது. அதன் ‘பின்லாக்’ என்னும் பதிவேடு, ஒரு சர்வரில் நிகழ்ந்ததை மற்றொரு சர்வரில் நிகழ்த்துவதற்காகவே பெரிதும் பயன்பட்டது. கட்டளையின் எழுத்துவடிவை மட்டும் அதில் குறித்தால், ‘இன்ன நிபந்தனைக்குட்பட்ட வரிசைகளை நீக்கு’ என்ற வாசகமே எஞ்சுமன்றி நீக்கப்பட்டவை எவை என்பது எஞ்சாது. 5.1ஆம் பதிப்பில் அறிமுகமாகி, 2015இல் 5.7ஆம் பதிப்பில் இயல்பு அமைப்பாக ஆக்கப்பட்ட வரிசைவழிப் பதிவு முறையிலோ நீக்கப்பட்ட ஒவ்வொரு வரிசையின் முந்தைய உள்ளடக்கமும் பதிவாகிறது. ஆகவே பதிவேட்டைத் தலைகீழாகப் படித்து, நீக்கத்தைச் சேர்ப்பாக மாற்றி ஓட்டிவிடலாம். சீனாவின் அலிபாபா குழுமப் பொறியாளர்கள் வளர்த்த இவ்வுத்தி பின்னர் மரியாடிபி என்னும் தரவுத்தள அமைப்பின் 10.2ஆம் பதிப்பில் ‘ஃபிளாஷ்பேக்’ என்ற பெயரில் இடம்பெற்றது. படிகளுக்கிடையே ஒற்றுமை பேணுவதற்காகச் செய்யப்பட்ட ஒரு மாற்றம், எண்ணற்ற நிர்வாகிகளுக்கு நீக்கத்திலிருந்து மீளும் வழியாகவும் ஆனது.

இத்தகைய துணைவிளைவைப் பயனருக்கான வசதியென வெளிப்படையாக முன்வைத்த பெருநிறுவனங்களுள் ஆரக்கிள் குறிப்பிடத்தக்கது. படிப்பவருக்கு மாறாத காட்சியைத் தருவதற்கென அது வைத்திருந்த ‘அண்டூ’ தரவை, 2001இல் வந்த 9ஐ பதிப்பு கடந்த நேரத்தின் நிலையைக் கேட்டுப் பெறும் வினவலாகத் திறந்துவிட்டது. அடுத்த பதிப்பான 10ஜி, நீக்கப்பட்ட அட்டவணையைப் பெயர்மாற்றி வைத்திருக்கும் மறுசுழற்சித் தொட்டியையும் தரவுத்தளம் முழுவதையும் பின்னோக்கி நகர்த்தும் வசதியையும் சேர்த்தது. ஆயினும் அண்டூ தரவை வைத்திருக்கும் இயல்புக் கால அளவு 900 விநாடிகள், அதாவது கால் மணி நேரம். அதற்குப் பின் இடம் தேவைப்பட்டால் பழையது மேலெழுதப்படும். தவறு செய்தவர் அதைக் கால் மணி நேரத்துக்குள் உணர்வார் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

தவறுபவரை நோக்கித் திரும்பிய ஆய்வு

1985இல் ஜிம் கிரே டேண்டம் நிறுவனத்தின் இயந்திரங்கள் ஏன் நிற்கின்றன என்று ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை இத்துறையில் திருப்புமுனை எனத்தக்கது. பதிவான நிறுத்தங்களில் வன்பொருளின் பங்கு 18 விழுக்காடே. மென்பொருளின் பங்கு 25. கணினியை இயக்குவோரின் செயல், அமைப்பு மாற்றம், பராமரிப்பு ஆகியவை அடங்கிய நிர்வாகத்தின் பங்கோ 42 விழுக்காடு. வன்பொருளைத் தாங்கும் கலை முதிர்ந்துவிட்டது, மனிதரைத் தாங்கும் கலை தொடங்கவே இல்லை என்பதை அவ்வெண்கள் சொல்லாமல் சொல்லின.

ஆயினும் தொழில்நுட்ப உலகின் மனப்பான்மை மெல்லத்தான் மாறியது. நிபந்தனையின்றி இடப்படும் நீக்கக் கட்டளையை மறுக்கும் பாதுகாப்பு விருப்பம் ஒன்று மையெஸ்கியூஎல்லின் கட்டளை நிரலில் உண்டு. ‘ஐ ஆம் எ டம்மி’, அதாவது ‘நான் ஒரு மடையன்’, என்பது அதற்கு வழங்கப்பட்ட மாற்றுப் பெயர். பாதுகாப்பை நாடுபவர் தம்மைத் தாமே இழித்துரைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம், அத்தவறு எவருக்கும் நேரக்கூடியது என்னும் உண்மைக்கு நேர்மாறானது.

பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனின் வழிகாட்டுதலில் ஆரன் பிரவுன் மேற்கொண்ட ஆய்வு அம்மனப்பான்மையை மறுத்தது. 2003இல் அவர்கள் வெளியிட்ட மின்னஞ்சல் சேமிப்பகம், அமைப்பை முழுமையாகப் பின்னோக்கி நகர்த்தி, பழுதைத் திருத்தி, இடையில் பயனர்கள் செய்தவற்றை மீண்டும் ஓட்டும் மூன்று கட்டங்களைக் கொண்டது. மனிதத் தவறு தவிர்க்க இயலாதது, ஆகவே அதிலிருந்து மீள்வதை விரைவுபடுத்துவதே அறிவுடைமை என்பது அவர்களின் நிலைப்பாடு. அதனுடனேயே ஒரு புதிய சிக்கலும் வெளிப்பட்டது: பின்னோக்கி நகர்த்தியபின் மறையும் கடிதத்தைப் பயனர் ஏற்கனவே படித்திருந்தால் என்ன செய்வது? வெளியுலகுக்குச் சென்றுவிட்டதை எந்தப் பதிவேடும் திரும்ப அழைக்காது.

ஒன்றின் விளைவைக் கண்டு பிற செயல்கள் நிகழ்ந்துவிடும் இச்சார்புச் சிக்கலே தவறான நீக்கத்தின் மிகக் கடினமான பகுதி. காலை 10 மணிக்கு நீக்கப்பட்டவை மாலை 4 மணிக்குத்தான் தெரியவந்தன என்று கொண்டால், தரவுத்தளத்தை 9.59க்குத் திருப்புவது ஆறு மணி நேர நேர்மையான உழைப்பையும் சேர்த்து அழித்துவிடும். ஆகவே தனிச் சர்வரில் பழைய நிலையை மீட்டு, தேவையான வரிசைகளை மட்டும் எடுத்துவந்து சேர்ப்பதே நடைமுறை. அதற்குள் நீக்கப்பட்ட வாடிக்கையாளரைக் காணாத நிரல் அவரைப் புதியவராகப் பதிந்திருக்கலாம். இருப்பைக் கணக்கிட்ட நிரல் தவறான கூட்டுத்தொகையை எழுதியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் டேவிட் லோமெட்டும் உடனாய்வாளர்களும் 2006இல், எல்லாப் பதிப்புகளையும் காக்கும் தரவுத்தளத்தின்மீது, தவறான பரிவர்த்தனையையும் அதன் விளைவைப் படித்துச் செயல்பட்ட பரிவர்த்தனைகளையும் தேடிக்கண்டு அவற்றின் விளைவை மட்டும் விலக்கும் முறையை முன்வைத்தனர். யார் எதைப் படித்தார் என்பதையும் அறிந்தால்தான் அது முழுமைபெறும். பெரும்பாலான பதிவேடுகளோ எழுதியதை மட்டுமே குறித்துவைப்பவை.

இரு பெருநிகழ்வுகள்

2017 ஜனவரி 31 இரவில் கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளத்துக்கு நேர்ந்தது இவ்வரலாற்றில் விரிவாகப் பொதுவெளியில் வைக்கப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்று. துணைச் சர்வரின் படியைப் புதுப்பிக்க முயன்றபோது, அதன் தரவுக் கோப்பகம் என்றெண்ணி முதன்மைச் சர்வரின் கோப்பகத்தை நீக்கும் கட்டளை இடப்பட்டது. தவறு உணரப்பட்டு நிறுத்தப்படுவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் மட்டுமே எஞ்சியிருந்தது. அன்றாடக் காப்புப்பிரதி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பாயிருக்கப் படியெடுக்கும் நிரல் 9.2ஆம் பதிப்பாயிருந்தமையால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறுநரின் சர்வரால் நிராகரிக்கப்பட்டுவந்தன. இறுதியில் கைகொடுத்தது, சோதனைச் சூழலுக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்னர் கையால் எடுக்கப்பட்டிருந்த ஒரு வட்டுப் படிமம். ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 பயனர் கணக்குகளும் மீளவில்லை. வேறொரு நோக்கத்துக்காக எடுக்கப்பட்டதே இங்கும் காத்தது என்பது தற்செயலன்று. மீட்புக்கென்றே ஒதுக்கப்பட்டவை அன்றாடம் பயன்படாததால் அவற்றின் பழுது கண்ணில் படுவதில்லை, பயன்பாட்டிலுள்ளதன் பழுதோ உடனே தெரிந்துவிடுகிறது.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியன் நிறுவனத்தில் நிகழ்ந்தது வேறு வகை. பழைய செயலியொன்றை நீக்குவதற்கான நிரலுக்குச் செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் எண்கள் தரப்பட்டன. நிரலும் மீட்கத்தக்க நீக்கத்துக்கு மாறாக நிரந்தர நீக்கமாக ஓட்டப்பட்டது. 775 வாடிக்கையாளர்களுக்குரிய 883 தளங்கள் அரை மணி நேரத்துக்குள் நீக்கப்பட்டன. இங்கே காப்புப்பிரதிகள் நலமாகவே இருந்தன. எனினும் பல வாடிக்கையாளரின் தரவு ஒரே கிடங்கில் கலந்து வைக்கப்பட்டிருந்ததால், பிறரின் அன்றாட வேலையைக் குலைக்காமல் சிலரை மட்டும் பழைய நிலைக்குக் கொணர்வது பெரும்பாடாயிற்று; கடைசித் தளம் மீண்டது ஏப்ரல் 18இல். பிரதி இருந்தும் இரு வாரம் ஆனது, மீட்பின் கடினம் பிரதியில் மட்டுமன்றிப் பிரித்தெடுப்பதிலும் அடங்கியிருப்பதைக் காட்டியது.

இத்தகைய இழப்புகளுக்கு எதிரான காப்பாக, வேண்டுமென்றே பின்தங்கி ஓடும் துணைச் சர்வர்கள் பரவலாயின. மையெஸ்கியூஎல் 5.6உம் போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.4உம் இவ்வசதியைத் தந்தன. முதன்மைச் சர்வரின் மாற்றங்களைச் சில மணி நேரம் காத்திருந்தே ஏற்கும் இத்தகைய துணைச் சர்வர், அந்த இடைவெளிக்குள் கண்டறியப்படும் நீக்கத்தை விழுங்காமல் நிற்கிறது. மறுபுறம், தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லுக்கு 2011இல் வெளியான தரநிலை, ஒவ்வொரு வரிசையும் எப்போதுமுதல் எப்போதுவரை நடப்பிலிருந்தது என்பதை அமைப்பே பேணும் அட்டவணைகளுக்கு இலக்கணம் வகுத்தது. எஸ்கியூஎல் சர்வர் 2016உம் மரியாடிபி 10.3உம் அதைச் செயற்படுத்தின. 1997இல் கைவிடப்பட்ட காலப் பயணம், சேமிப்பிடத்தின் விலை வீழ்ந்தபின், தரநிலையின் வழியாகத் திரும்பி வந்தது.

நீக்கும் கடமை

கடந்த காலம் இவ்வாறு பாதுகாக்கப்படுவது எல்லோருக்கும் நன்மையன்று. பேட்ரிக் ஸ்டால்பெர்க், ஜெரோம் மிக்லாவ், பிரையன் லெவின் ஆகியோர் 2007இல், நீக்கப்பட்டதாகக் கருதப்படும் தரவு தரவுத்தளக் கோப்புகளின் இடுக்குகளிலும் பதிவேடுகளிலும் எவ்வளவு எளிதாக எஞ்சுகிறது என்பதைத் தடயவியல் நோக்கில் காட்டி, அதைத் தனியுரிமைக்கான அச்சுறுத்தல் என வகைப்படுத்தினர். தவறுதலாக நீக்கியவருக்கு வரமாக அமையும் அதே எச்சம், வேண்டுமென்றே நீக்கக் கோரியவருக்குத் தீங்காகிறது.

2018 மே 25இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 17ஆம் உறுப்பும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தம் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தனிநபருக்கு அளிக்கின்றன. ஒவ்வொரு நபரின் தரவையும் தனிச் சாவியால் மறையாக்கம் செய்து, கோரிக்கை வரும்போது சாவியை மட்டும் அழித்துவிடுவது இதற்குக் கையாளப்படும் வழிகளுள் ஒன்று. காப்புப்பிரதிகளில் எஞ்சும் எழுத்துகள் அதன்பின் எவராலும் படிக்கத்தக்கவை அல்ல. அத்தகைய மறையாக்கம் இல்லாத நிறுவனம் பழைய காப்புப்பிரதியொன்றிலிருந்து தரவுத்தளத்தை மீட்கும்போது, இடைக்காலத்தில் சட்டப்படி அழிக்கப்பட்டவர்களும் அதனுடன் திரும்பி வந்துவிடுகிறார்கள். அவர்களை மறுபடியும் நீக்குவதற்காக, அழித்தல் கோரிக்கைகளின் பட்டியல் ஒன்றைத் தரவுத்தளத்துக்கு வெளியே, அதன் காப்புப்பிரதிகளைவிட நீண்டகாலம், அந்த நிறுவனம் பேணி வரவேண்டியிருக்கிறது.